ஆலயக் கூரைக்காகத் திறக்கும் தோட்டங்கள்

ஜனவரி, இரண்டாம் வாரம்

இங்கிலாந்தின் கிராமங்களில் கோடைக்கால வாரக்கடைசி ஒன்றில் பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத்துக் கதவை ஊராருக்கும் வெளியூராருக்கும் திறந்துவிடுகிறார்கள். ஒரே சீட்டு, அதை வைத்துக்கொண்டு எல்லாத் தோட்டங்களையும் பார்க்கலாம். நடுவில் தேநீர், கேக். திரும்பும்போது கையில் இரண்டு செடித்தொட்டி. இதுதான் திறந்த தோட்ட நாள். வசூல் பெரும்பாலும் ஊர் ஆலயத்தின் பராமரிப்புக்குப் போகிறது. கிழக்குக் கரையிலுள்ள நார்ஃபோக் மாவட்டத்தில் இந்த நாளுக்குத் தேவை அதிகம். அங்கே இடைக்காலத்து ஆலயங்கள் மட்டும் 600-க்கு மேல் நிற்கின்றன.

கோடையில் நடக்கும் நாளை நடுக்குளிரில் குறிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து ஊர்த் திருவிழாவோடு மோதக்கூடாது. அந்த வாரத்தில் ஊரில் கல்யாணம் இருக்கக்கூடாது. ரோஜா பூத்திருக்க வேண்டும். முதல் இரண்டையும் நாட்காட்டி சொல்லிவிடும். மூன்றாவதை யாரும் சொல்ல முடியாது. வசந்தம் முன்கூட்டி வெப்பமாகிவிட்டால் ஜூன் தொடக்கத்திலேயே ரோஜா உதிரத் தொடங்கும். குளிர் நீண்டால் மாதக் கடைசியிலும் மொட்டாகவே நிற்கும். பழகிய ஊர்கள் ஜூனின் நடுவிலோ மூன்றாம் வாரத்திலோ நாள் வைக்கின்றன. பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீளும் காலம் அது.

பிப்ரவரி, முதல் வாரம்

ஆலயத்துக்கு ஏன் பணம் வேண்டும் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரிவதில்லை. இங்கிலாந்துத் திருச்சபை அரசு சார்ந்த சபையாயிற்றே, அரசு கொடுக்காதா என்று கேட்பார்கள். ஊர் ஆலயத்தின் வழக்கமான செலவுக்கு அரசு எதுவும் கொடுப்பதில்லை. முன்பு நிலத்துக்கும் வீட்டுக்கும் ஏற்ப ஊரார் எல்லாரும் ஆலய வரி கட்டினார்கள். அந்தக் கட்டாயம் 1868-இல் சட்டப்படி நீங்கியது. சபையின் சொத்தை நிர்வகிக்கும் திருச்சபை ஆணையர்களிடம் 1,000 கோடி பவுண்டுக்கு மேல் முதலீடு உண்டு. ஆனால் அதன் வருமானம் குருமாரின் பழைய ஓய்வூதியம், பேராயர்களின் பணி, கதீட்ரல்கள், ஏழைச் சேகரங்களுக்கான உதவி என்று பிரிந்துவிடுகிறது. கிராமத்து ஆலயத்தின் ஒழுகும் கூரை அந்தந்தச் சேகரக் கமிட்டியின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எவ்வளவு என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் கட்டடக் கலைஞரின் அறிக்கை காட்டும். 1955-இல் சபை கொண்டுவந்த விதி இது. எந்த உத்தரம் உளுத்திருக்கிறது, எந்த மழைநீர்க்குழாய் அடைத்திருக்கிறது, எதை உடனே செய்ய வேண்டும், எதை ஓரிரு ஆண்டு தள்ளலாம் என்று அது வரிசைப்படுத்தித் தரும். நார்ஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடையாது. வயலில் கிடைத்த சக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தே ஆலயங்களைக் கட்டினார்கள். மூலைக்கு வேண்டிய செதுக்குகல் இல்லாததால்தான் 120-க்கு மேற்பட்ட கோபுரங்களை வட்டமாக எழுப்பினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. சாந்து உதிர்ந்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். கூரையில் ஈயத்தகடு இருந்தால் இன்னொரு கவலை: இரவோடு இரவாக உரித்துக்கொண்டு போகும் திருடர்கள்.

பழுதுபார்க்கும் செலவின் மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. அதைத் திருப்பித்தர 2001-இல் அரசு ஒரு மானியத் திட்டம் தொடங்கியது. 2025 ஏப்ரலில் அதற்கும் ஓர் ஆலயத்துக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு வந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் பத்துப் பதினைந்து பேர் வரும் ஊரில், ஏழெட்டு ஆலயங்களுக்கு ஒரே குருவானவர் இருக்கும் வட்டாரத்தில், காணிக்கைத் தட்டை மட்டும் நம்பிக் கூரை வேய முடியாது. ஆலயத்துக்குள் வராத ஊராரையும் அதன் சுவரைக் காக்கச் சேர்க்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் அந்த ஆலயம் ஊரிலுள்ள எல்லாருக்கும் உரியது என்பதால், அவர்களிடம் கேட்பதில் தவறில்லை.

மார்ச், மூன்றாம் வாரம்

தோட்டத்தைக் காட்டி நற்காரியத்துக்குப் பணம் சேர்க்கும் வழக்கம் ஆலயத்திலிருந்து பிறந்ததன்று, செவிலியர்களுக்காகப் பிறந்தது. 1859-இல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியைக் கவனித்துக்கொண்ட செவிலியையே நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். வீடு தேடிச் செல்லும் செவிலியர் பணி அதிலிருந்து வளர்ந்தது. அந்தப் பணிக்கு நிதி திரட்ட, செவிலியர் நிறுவனத்தின் குழுவிலிருந்த எல்சி வாக் என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார்: அழகான தோட்டம் வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கட்டும். 1927-இல் 609 தோட்டங்கள் திறந்தன. 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. நார்ஃபோக்கிலுள்ள சாண்ட்ரிங்ஹாம் அரண்மனைத் தோட்டமும் அவற்றில் ஒன்று. தேசியத் தோட்டத் திட்டம் என்ற பெயரில் அந்த முயற்சி இன்று 3,000-க்கு மேற்பட்ட தோட்டங்களைச் சேர்த்திருக்கிறது. தோட்டங்களைப் பட்டியலிடும் அதன் மஞ்சள் அட்டைப் புத்தகம் தோட்டப் பிரியர்கள் பலரிடம் உண்டு.

அந்தத் திட்டத்தில் சேரும் கிராமங்களும் இருக்கின்றன. ஆனால் அதில் நுழைவுக் கட்டணம் மருத்துவ, செவிலியத் தொண்டு நிறுவனங்களுக்குப் போகும். தேநீர் விற்ற காசை மட்டும் ஊர்க் காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முழு வசூலும் ஆலயத்துக்கே வேண்டும் என்றால் ஊர் தனியாகத்தான் நடத்த வேண்டும். விளம்பரம், காப்பீடு, கணக்கு எல்லாம் அதன் தலையில்.

ஏப்ரல்

வெட்டிவந்த ஹேசல் குச்சிகளைச் செடி முழங்கால் உயரம் வளர்வதற்குள் ஊன்றிவிட வேண்டிய மாதம். டெல்ஃபினியம், பியோனி போன்ற தலைகனத்த பூச்செடிகள் குச்சிகளின் ஊடே வளர்ந்து அவற்றை மறைத்துவிடும். ஜூனில் சாய்ந்த பிறகு கயிறு கட்டினால் அது கட்டிப்போட்டதாகத்தான் தெரியும்.

கமிட்டியின் வேலை காகிதத்தில் நடக்கிறது. ஆலயத்தின் காப்பீடு தனியார் தோட்டங்களில் நடக்கும் நிகழ்ச்சிக்கும் பொருந்துமா என்று எழுதிக் கேட்டு வாங்கிவைக்கிறார்கள். மது விற்பதாக இருந்தால் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றத்துக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும்: கட்டணம் 21 பவுண்டு, குறைந்தது பத்து வேலைநாள் முன்பாக. நிகழ்ச்சிக்கு வந்தவர்களிடம் அங்கேயே விற்கும் சிறு குலுக்கல் சீட்டுக்கு உரிமம் தேவையில்லை.

மே, கடைசி வாரம்

லண்டனில் செல்சி மலர்க் கண்காட்சி நடக்கும் வாரம். 1913 முதல் அது செல்சியில் நடந்துவருகிறது. அதன் பெயரில் ‘செல்சி வெட்டு’ என்று ஒரு தோட்ட வழக்கமும் உண்டு. ஃப்ளாக்ஸ், ஹெலினியம், சீடம் போன்ற செடிகளை இந்தச் சமயத்தில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ நறுக்கிவிட்டால் குட்டையாகக் கிளைத்துச் சில வாரம் தாமதமாகப் பூக்கும். ஜூன் நாளுக்குத் தயாராகும் தோட்டக்காரர் இங்கே யோசிக்க வேண்டும். நறுக்கினால் ஆகஸ்டில் அழகு. ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு வெட்டுப்பட்ட தண்டுதான் தெரியும். அனுபவசாலிகள் ஒரு புதரின் முன்பாதியையோ பின்னால் மறைவாக இருப்பதையோ மட்டும் நறுக்குகிறார்கள்.

தண்ணீரும் இதே வாரத்துக் கவலைதான். பிரிட்டனில் மழை குறைந்த பகுதி நார்ஃபோக். ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் வரைதான் பெய்யும். தெற்கே எசெக்ஸில் தோட்டக்கலைஞர் பெத் சாட்டோ 1990-களின் தொடக்கத்தில் பழைய கார் நிறுத்துமிடமொன்றைச் சரளைத் தோட்டமாக்கி, வேரூன்றிய செடிகளுக்கு நீர் பாய்ச்சாமலே வளர்த்துக் காட்டினார். அதன் பிறகு கிழக்கு இங்கிலாந்தின் கிராமத்துத் தோட்டங்களிலும் லாவெண்டர், சிஸ்டஸ், சேஜ் என்று வறட்சி தாங்கும் செடிகள் பெருகியிருக்கின்றன. புல்வெளி பழுத்துக் கிடந்தாலும் இவை பூக்கும்.

ஜூன், முந்தின வெள்ளி

ஆலயத்தின் சுற்றுப்புறப் புல் வெட்டப்படுகிறது. விவசாயி ஒருவர் விட்டுக்கொடுத்த மேய்ச்சல் நிலத்தில் கார் நிறுத்தக் கயிறு கட்டுகிறார்கள். தோட்டங்களுக்கு எண் பலகை. வரைபடத்தில் சக்கர நாற்காலி போகக்கூடியவை, நாயை அழைத்துவரலாம் என்பவை தனிக் குறியோடு. குளம் இருந்தால் வேலி. ஃபாக்ஸ்குளோவ் போன்ற நச்சுச்செடி பாதையோரம் இருந்தால் ஓர் எச்சரிக்கை அட்டை. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தோட்டக் கதவை மட்டும் திறப்பது எல்லாரும் கைக்கொள்ளும் முறை.

ஜூன், சனி

சீட்டு விற்கும் மேசை ஆலய வாசல் மண்டபத்தில். இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. வருகிறவர் எல்லாரும் முதலில் ஆலயத்துக்குள் நுழைகிறார்கள். கூரையில் ஈரம் படர்ந்த இடத்தையும் அதன் கீழ் வைத்த வாளியையும் பார்க்கிறார்கள். தங்கள் பணம் எங்கே போகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே சன்னல் திண்டுகளில் பூ அலங்காரம். மணியடிப்போர் கோபுரத்து அறையைத் திறந்துவைத்துக் கயிற்றைப் பிடிக்கும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்.

தோட்டங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஊர்த்தோட்ட நாளின் சுவையே அதுதான். பழைய குருமனையின் மதில் சூழ்ந்த தோட்டத்தில் சுவரோடு படரவிட்ட பேரி மரம், இருபுறமும் அகன்ற மலர்ப்பாத்தி. அதற்கு இரண்டு வீடு தள்ளி, ஓர் ஓட்டுவீட்டின் முன்னால் நாலடி அகல மண். அதில் ரோஜாவும் ஹாலிஹாக்கும் வெங்காயமும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஊர்க்கோடியில் குத்தகைத் துண்டுநிலங்கள்: வழக்கமான அளவு பத்து ராட், ஏறத்தாழ 250 சதுர மீட்டர். அங்கே அவரைப் பந்தலுக்கு அருகில் நின்று பேசுகிற கூட்டம்தான் பெரும்பாலும் பெரிது. தன் வீட்டில் தானும் செய்யக்கூடியதைப் பார்க்கத்தான் ஜனங்களுக்கு ஆசை. பாக்ஸ் செடி வேலிகள் பல ஊர்களில் கரிந்து கிடக்கின்றன. 2007-இல் பிரிட்டனில் முதன்முதலாகக் காணப்பட்ட பாக்ஸ் அந்துப்பூச்சியின் புழுவும், கருகல் நோயும் காரணம். அதற்குப் பதிலாக என்ன நடலாம் என்பது ஒவ்வொரு வாசலிலும் கேட்கும் கேள்வி.

ஊர் மண்டபத்தில் தேநீர். ஸ்கோன், விக்டோரியா கேக், எலுமிச்சைக் கேக். மாதர் சங்கத்தார் சுட்ட கேக் மூன்று மணிக்குள் தீர்ந்துவிடும். நாலு மணிக்கு வருகிறவருக்கு பிஸ்கட்தான். ஒவ்வொரு கேக்கின் முன்னாலும் அதில் கொட்டை உண்டா, பால் உண்டா என்று எழுதிவைக்கிறார்கள். நுழைவுச் சீட்டுக்கு அடுத்தபடி நிறையக் காசு தருபவை இந்தத் தேநீரும் செடிக்கடையும்தான். செடிக்கடையில் முதலீடு அநேகமாகக் கிடையாது, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பிரித்தெடுத்த செடிகளே விற்கின்றன.

ஜூன், ஞாயிறு

காலை ஆராதனைக்குப் பின் மறுபடி திறப்பு. மழை பெய்தால் தோட்டத்தில் ஆள் குறைந்து மண்டபத்தில் கூடும். நாளை மாற்ற முடியாது. கேக்குகள் சுட்டாயிற்று, வெளியூரில் பலகைகள் வைத்தாயிற்று. மாலை ஐந்துக்குக் கதவுகள் மூடுகின்றன. இரண்டு நாள் நின்றே இருந்த தோட்டக்காரர்கள் அப்போதுதான் நடந்து அடுத்த வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். சில ஊர்களில் முந்தின நாள் மாலையே தோட்டக்காரர்களுக்கென்று தனிச் சுற்று வைக்கிறார்கள். எல்லா ஊரும் பின்பற்ற வேண்டிய நல்ல வழக்கம் அது.

ஜூன், திங்கள்

இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட்ட பிறகே பணம் வங்கிக்குப் போகிறது. ஒரு சிற்றூரில் சில ஆயிரம் பவுண்டு சேர்ந்தால் நல்ல வசூல். கூரை முழுவதையும் மாற்ற அதைப்போல் பல மடங்கு வேண்டும். ஆனாலும் அறக்கட்டளைகளிடம் மானியம் கேட்கும்போது ஊர் தன் பங்குக்கு எவ்வளவு திரட்டியது என்பது முக்கியமான கேள்வி. அந்த இடத்தில் எழுத ஒரு தொகை கிடைத்துவிடுகிறது.

அக்டோபர், முதல் வாரம்

அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் பூசணியும் ஆப்பிளும் அடுக்குகிறார்கள். இந்தப் பண்டிகையின் இன்றைய வடிவம் 1843-இல் கார்ன்வால் கடலோரத்து மார்வென்ஸ்டோவில் குருவானவர் ராபர்ட் ஹாக்கர் தொடங்கியது. திருநெல்வேலிச் சபைகளில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டு ஆலய நிதி சேர்ப்பார்கள். இங்கே அவை பெரும்பாலும் உணவு வங்கிக்குப் போகின்றன.

தோட்டங்களில் ஃப்ளாக்ஸ், ஜெரேனியம், ஆல்கெமில்லா புதர்களைத் தோண்டிப் பிரித்து, அடுத்த ஆண்டுச் செடிக்கடைக்குத் தொட்டிகளில் நடுகிறார்கள். ஸ்வீட் பீ விதைகளும் இந்த வாரத்திலேயே கண்ணாடிக் கூண்டுக்குள் மண்ணுக்குப் போகின்றன. இப்போது விதைத்தவை, வசந்தத்தில் விதைப்பவற்றுக்கு முந்தி ஜூனில் பூத்துவிடும்.