காற்று வருமுன் கிளை தறிப்போம்: டார்வின் நகர மரங்களும் எம்மவரும்

அவுஸ்திரேலியாவின் வட கரையில் இருக்கும் டார்வின் நகருக்கு வந்து இறங்கும் எம்மவர் பலரும் முதலில் சொல்லுவது, "ஊர் மாதிரிக் கிடக்கு" என்பதுதான். விமான நிலைய வாசலிலேயே முகத்தில் அடிக்கும் புழுக்கம், றோட்டோரத்துத் தென்னை, வீட்டுக்கு வீடு மாமரம், மதிலோரத்தில் ஈழத்தலரி. மெல்பேணில் இரண்டு குளிர்காலம் நடுங்கிவிட்டு வேலை தேடி வடக்கே வருபவருக்கு இவை பெரிய ஆறுதல். வளவில் மரம் நிற்கும் வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுக்கிறார்கள். அடுத்த கேள்வி ஐப்பசி மாதத்தில் வருகிறது. அயலவர்கள் வளவைத் துப்புரவாக்கி, தேங்காய் இறக்கி, கிளைகளைக் குவிப்பதைக் கண்டு, "நாங்களும் வெட்ட வேணுமோ?" என்று எம்மிடம் கேட்கிறார்கள். வெட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்குரிய நல்ல மாதங்கள் ஐப்பசிக்கு முன்னரே போய்விடுகின்றன.

இங்குள்ள காலநிலையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். டார்வினில் குளிர்காலம் என்று ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியே நிற்கும். வெள்ளையர் வழக்கில் இரண்டே காலங்கள்: மே முதல் ஒக்டோபர் வரை உலர்காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். சூறாவளிக் காலமாகக் கணக்கிடப்படுவதும் அதே நவம்பர் முதல் ஏப்ரல் வரையான ஆறு மாதங்கள்தான். இந்த மண்ணின் ஆதிக்குடிகளான லறாக்கியா மக்களோ ஆண்டை ஏழு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். கடும் பனித்துளி விழும் பருவம், பெருங்காற்றுப் பருவம், மழைக்கு முந்திய புழுக்கப் பருவம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்த எமக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். மரத்தில் கை வைக்கப் போகிறவருக்கு இரண்டு காலக் கணக்கைவிட ஏழு காலக் கணக்கே உதவும் என்பது எமது அபிப்பிராயம்.

நகரத்தின் மரங்களைப் பார்க்க விரும்புபவர்கள் மாநகரசபைக் கட்டடத்துக்கு அருகே நிற்கும் பெரிய ஆல் இன மரத்திலிருந்து தொடங்கலாம். 'அறிவு மரம்' என்று ஊரார் அழைக்கிறார்கள். 1942 பெப்ரவரியில் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோதும் நின்றது. 1974 நத்தார் இரவில் 'ட்றேசி' சூறாவளி நகரத்தையே துடைத்தெடுத்தபோதும் நின்றது. அன்று விமான நிலையத்துக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீற்றர் வேகத்தைக் காட்டிவிட்டு உடைந்து போனது. 66 பேர் இறந்தார்கள். வீடுகளில் பெரும்பாலானவை தரைமட்டமாயின. 30,000க்கும் மேற்பட்டோர் தெற்கு நகரங்களுக்கு ஏற்றி அனுப்பப்பட்டனர். அகதியாக வெளியேறுவது என்றால் என்ன என்று இந்த நகரத்துப் பழைய குடிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அதன் பின் மொட்டையாகிப்போன நகரத்துக்கு விரைவில் நிழல் வேண்டும் என்று நட்டவற்றுள் முக்கியமானது ஆபிரிக்க மகோகனி. மேற்கு ஆபிரிக்காவின் மரம். மளமளவென்று வளர்ந்து பூங்காக்களையும் பாடசாலை வளவுகளையும் மூடி நின்றது. 2018 மார்ச் 17ஆம் திகதி 'மார்க்கஸ்' சூறாவளி வந்தது. ட்றேசியோடு ஒப்பிட்டால் இங்கே அதன் காற்றின் பலம் குறைவு. ஆனாலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேரோடு புரண்டு வீட்டுக்கூரையிலும் மின்கம்பியிலும் விழுந்தவற்றுள் ஏராளமானவை மகோகனிகள். நாள் தவறாமல் குழாய்த் தண்ணீர் தெளிக்கும் புற்றரைகளில் வேர் ஆழம் போகத் தேவையில்லை. மேலோட்டமாகவே படர்ந்து விடும். குழாய் புதைக்கவும் நடைபாதை போடவும் கிடங்கு வெட்டும்போது அந்த வேரிலும் பாதி போய்விடும். இப்படிப்பட்ட மரத்தைக் கிளை தறித்து மட்டும் காப்பாற்ற முடியாது. புதிதாக வருபவர்கள் இதை மனதில் இருத்த வேண்டும்: தறிப்பதற்கு முன்னர் அடிமரத்தையும் வேரையும் பார்க்க வேண்டும்.

எம்மிடையே வந்து சேர்ந்த ஒரு மட்டக்களப்புக் குடும்பத்தின் கதை இங்கே பொருந்தும். அவர்களின் வாடகை வீட்டில் பின்னால் ஒரு மகோகனி, முன்னால் ஒரு மாமரம், பக்கத்தில் இரண்டு தென்னை. பெரியவருக்கு எழுபது கடந்துவிட்டது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியை நேரில் கண்டவர். தென்னந்தோட்டம் முழுவதும் விடிவதற்குள் படுத்துவிட்டதைக் கண்ட கண்கள் அவை. வந்த வாரத்திலேயே நாலு மரத்தையும் அடியோடு தறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மருமகளுக்கு அது பிடிக்கவில்லை. பகல் முழுக்கக் குளிரூட்டி போட்டால் வரும் மின்சாரக் கட்டணம் அவருக்குத்தான் தெரியும்.

"மாமா, இந்த நிழலும் இல்லாட்டி பிள்ளையள் வீட்டுக்குள்ள வேகிறதுதான்."

"எழுபத்தெட்டில அடிச்ச காத்த நீங்க காணல்ல மகள். மரம் மனிசர அடிக்கிறத நான் கண்டனான்."

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நாம் செய்தது ஒன்றுதான். வீட்டு முகவருக்கு எழுத்தில் அறிவித்து, தகுதிபெற்ற மரப் பராமரிப்பாளர் ஒருவரைக் கொண்டு பார்வையிட வைத்தோம். அவர் சுத்தியலால் மகோகனியின் அடியைத் தட்டிக்கொண்டு சுற்றி வந்தார். ஒரு பக்கம் பறைபோல ஒலித்தது. இந்தப் பகுதிக்கே உரிய ஒரு பெரிய கறையான் உண்டு. அதன் விஞ்ஞானப் பெயரிலேயே டார்வின் இருக்கிறது. பச்சை மரத்தைக்கூட உள்ளே குடைந்து கோதாக்கிவிடும். அந்த மகோகனி பிள்ளைகளின் படுக்கையறைப் பக்கம் சாய்ந்தும் நின்றது. வீட்டுக்காரரின் சம்மதத்தோடும் செலவிலும் அது அகற்றப்பட்டது. மாமரமும் தென்னைகளும் நின்றன. பெரியவருக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் அடுத்த உலர்காலத்தில் மாமரத்துக் காய்ந்த கொப்புகளை எங்கே வெட்டுவது என்று கைத்தடியால் காட்டிக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

இனி எப்போது வெட்டுவது என்பதற்கு வருவோம். தெற்கே இருப்பவர்கள் யூலை மாதத்தில், மரம் இலை உதிர்த்து உறங்கும்போது கத்தரியுங்கள் என்று சொல்வார்கள். அப்பிளுக்கும் பீச்சுக்கும் அது சரி. டார்வினில் யூலையில் மாமரம் உறங்குவதில்லை, பூத்து நிற்கும். அப்போது கத்தி வைத்தால் வெட்டுவது அவ்வருடத்துக் காயை. மாவுக்கு உரிய நேரம், கடைசிக் காய் பறித்த கையோடு. இங்கே அது ஒக்டோபர், நவம்பர். அப்போது வெட்டினால் மழையோடு புதுத் துளிர் வந்து, முற்றி, அடுத்த உலர்காலத்தில் பூக்கத் தயாராகும். பிந்தி, பெப்ரவரி மார்ச்சில் வெட்டினால் துளிர் முற்றாது, பூவும் பிழைக்கும். மாம்பால் தோலைச் சுடும் என்பது எம்மவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீளக்கைச் சட்டை போடுங்கள். திடீரென்று வெயில் படும் பெரிய கொப்புகளின் பட்டை வெந்து வெடிக்கும். தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பெயின்ற் மெல்லிதாகப் பூசிவிட்டால் போதும்.

மற்ற நிழல் மரங்களுக்கு மே முதல் ஓகஸ்ட் வரை. காற்றில் ஈரம் குறைவு, பூஞ்சணம் குறைவு, வெட்டிய வாய் விரைவாகக் காயும். எல்லோரும் ஒக்டோபரில்தான் அவசரப்படுகிறார்கள். அவசரத்தில் உச்சியை மொட்டையாகத் தறிக்கிறார்கள். முதல் மழையோடு அந்த மொட்டையிலிருந்து கூட்டம் கூட்டமாகத் துளிர் வெடிக்கும். அவை பட்டையோடு மட்டும் ஒட்டியிருக்கும் பலவீனமான கிளைகள். சனவரியில் காற்று வரும்போது முறிந்து பறப்பவை அவையே. மொட்டை அடித்த மரம் பாதுகாப்பான மரம் என்ற எண்ணத்தை எம்மவர் கைவிட வேண்டும்.

வெட்டும் முறையில் இரண்டு விடயம் போதும். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் கழுத்துப்போலப் புடைத்த ஒரு மடிப்பு இருக்கும். வெட்டு அதற்குச் சற்று வெளியே விழ வேண்டும். மடிப்பையும் சேர்த்துச் சீவக் கூடாது. முளைபோல நீளத் துண்டு விடவும் கூடாது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றி மதில் கட்டி அடைத்துவிடுகிறது. அந்த மதில் எழும் இடம்தான் இந்த மடிப்பு. ஊரில் வெட்டுவாயில் தாரோ சாணமோ பூசுவது போல இங்கே எதுவும் பூச வேண்டியதில்லை. இரண்டாவது, பாரமான கிளையை ஒரே வெட்டில் விழுத்தாதீர்கள். பட்டை கீழ்வரை உரிந்துகொண்டு போகும். ஒரு முழம் தள்ளி அடிப்பக்கமாகக் கொஞ்சம் அறுத்து, பின் அதற்கு வெளியே மேலிருந்து அறுத்து விழுத்தி, கடைசியாக மிச்சத் துண்டை மடிப்போடு எடுங்கள். ஒரு வருடத்தில் தலையின் காற்பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். நடுக்கிளைகளையெல்லாம் சுத்தமாக வழித்து நுனியில் மட்டும் குஞ்சம் விடுவது மிகவும் கூடாது. பாரம் நுனிக்குப் போய்க் கிளை சவுக்குப்போல ஆடும். புளோரிடாவில் 1992இன் அன்ட்றூ சூறாவளிக்குப் பின் நடந்த ஆய்வில், ஒழுங்காகக் கத்தரித்த மரங்களே கூடுதலாகத் தப்பி நின்றன.

தென்னைக்குப் பச்சை ஓலையை வெட்டாதீர்கள். காய்ந்த ஓலை, பாளை, தேங்காய் ஆகியவற்றை இறக்கினால் போதும். புயலில் தேங்காய் பீரங்கிக் குண்டு மாதிரி. முருங்கையோ பருத்தாலும் தூணாகாது என்று எம்மவர் சொல்வார்கள். மழைக்கு முன் ஆளுயரத்தில் தறித்துவிடலாம், கோபிக்காமல் துளிர்க்கும். ஈழத்தலரி இலை உதிர்த்து நிற்கும் உலர்காலத்தில் வெட்டுங்கள். வெட்டிய தடியை ஒரு கிழமை நிழலில் காயவிட்டு நட்டால் பிழைக்கும்.

கொப்பில் பச்சை நிறமாய் ஓடும் எறும்பைக் கண்டு மருந்தடிக்க வேண்டாம். அது எங்கள் முசுறுதான். ஊரிலும் இங்கும் ஒரே இனம், இங்கே வயிறு பச்சை. கடிக்கும். ஆனால் மாமரத்துப் பூச்சிகளை அது தின்று காக்கிறது என்று இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

நீரிழிவு உள்ள பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு முக்கிய செய்தி. டார்வின் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பற்றீரியா உண்டு. மழைக்காலத்தில் அது மேல் மண்ணுக்கும் சேற்றுக்கும் வரும். காலில் சிறு கீறல் இருந்தாலும் உட்புகும். நியூமோனியாவாக மாறி உயிரையும் எடுக்கும். நீரிழிவும் சிறுநீரக வருத்தமும் உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். ஊரில் வெறுங்காலோடு தோட்டம் செய்த எங்கள் அப்பாமாரிடம் சப்பாத்துப் போடச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தாலும் விடாதீர்கள். மூடிய சப்பாத்தும் கையுறையும் இல்லாமல் வளவுக்குள் இறங்க விட வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால், மண்வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள். உலர்காலத்திலேயே மர வேலையை முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்ட விடயம் சுருக்கமாக. வீட்டுக்கு முன் றோட்டோரப் புற்றரையில் நிற்கும் மரம் மாநகரசபைக்குச் சொந்தம். தொட வேண்டாம், அறிவியுங்கள். மின்கம்பிக்கு அருகே போகும் கிளையை எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக வெட்டாதீர்கள். வாடகை வீட்டில் பெரிய மரம் பொதுவாக வீட்டுக்காரரின் பொறுப்பு. வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் கேளுங்கள். சிட்னி, மெல்பேண் பக்கம் இருக்கும் வாசகர்கள் சொந்த வளவு மரத்துக்கும் பல இடங்களில் அனுமதி எடுக்க வேண்டும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். புயலில் மரம் விழுந்தால் 132 500. ஆள் பிடித்து வெட்டுவிப்பவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: காப்புறுதி உண்டா, ஏ.எஸ். 4373 என்ற அவுஸ்திரேலிய நியமத்தின்படி வெட்டுவீர்களா. கதவைத் தட்டி, அரைநாளில் மரத்தை மொட்டையடித்துத் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

ஏணியும் மெசின் வாளும் சேரக்கூடாது என்பது எமது சனிக்கிழமைக் கூட்டத்தின் விதி. உலர்காலத்தில் நாலைந்து குடும்பங்கள் முறை வைத்து ஒருவர் வளவில் ஒருவர் வேலை செய்கிறோம். நிலத்தில் நின்று கைவாளுக்கும் கொக்கத்தடிக்கும் எட்டுவது மட்டும்தான் எமது வேலை; அதற்கு மேல் இருப்பது சம்பளத்துக்கு ஏறுபவரின் வேலை. பெண்கள் கொப்பு இழுக்க, பிள்ளைகள் இலை கூட்ட, ஒரு வீட்டிலிருந்து புட்டும் சம்பலும் வரும். வெட்டிய குழையை எறிவதில்லை. ஊரில் பூவரசங் குழையை வயலில் தாழ்த்தது போல நறுக்கி மரத்தடியில் பரப்புகிறோம், அடிமரத்தில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி. முருங்கைத் தடிகளை மட்டும் யாரும் விட்டுவைப்பதில்லை. போன யூனில் வெட்டியவை இப்போது மலாக்கிலும் காறாமாவிலும் பாமர்ஸ்டனிலும் வேலியோரம் இலை விட்டு நிற்கின்றன.