‘எங்கள்’ என்னும் சொல்

நெடுநாளாக எழுத எண்ணியிருந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

துறையில் உடன் ஆய்வு செய்யும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. மொழியைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கும் நீ, ஞாயிறுதோறும் ஆலயத்தில் அமர்ந்து எப்படி ஜெபிக்கிறாய்? ஒரு சொல் எங்கிருந்து வந்தது, யார் அதை மொழிபெயர்ப்புக்குத் தேர்ந்தார், எந்த அரசியல் அதன் பின்னால் இருந்தது என்றெல்லாம் அறிந்த பிறகும் அச்சொல் உனக்குப் புனிதமாக இருக்கிறதா? இவ்வினாவில் ஏளனம் இருந்ததில்லை. கேட்பவர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்கிறார். ஆகவே விடையும் உண்மையாக இருக்க வேண்டும். எல்லாச் சொற்களுக்குமான பொது விடை என்னிடம் இல்லை. ‘எங்கள்’ என்னும் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்ல முடியும்.

நாம், நாங்கள் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்வது தமிழ் பேசுவோர் நாள்தோறும் எண்ணிப் பாராமலே செய்யும் வேலை. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. கேட்பவரை விலக்கி, நம் பக்கத்தவரை மட்டும் குறித்தால் ‘நாங்கள்’. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறோம். தெலுங்கில் இதே வேறுபாடு மனமு, மேமு என்றும், மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள் என்றும் நிற்கிறது. இன்றைய கன்னடம் இதனை இழந்து ‘நாவு’ என்னும் ஒற்றைச் சொல்லோடு அமைதி கொண்டது. இந்தோ-ஆரிய மொழிகளுள் மராத்தியிலும் குஜராத்தியிலும் இவ்வேறுபாடு உண்டு. இந்தியில் ‘ஹம்’ ஒன்றே. திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் இறைப்பணி ஆற்றிய ராபர்ட் கால்டுவெல், 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில், திராவிட மொழிகளைப் பிரித்துக் காட்டும் கூறுகளுள் ஒன்றாக இதனைக் குறித்தார்.

விவிலியத்தைத் தமிழாக்கியவர்களுக்கு இவ்வேறுபாடு பெருஞ்சிக்கலாக இருந்திருக்கும். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் தன்மைப் பன்மை ஒன்றுதான். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தொடங்கி, பிற்காலத்து மொழிபெயர்ப்புக் குழுக்கள் வரை, ‘நாம்’ எனவும் ‘நாங்கள்’ எனவும் பொருள்படக்கூடிய ஒவ்வோரிடத்திலும் எவரேனும் ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டியிருந்தது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது சொல்லும் தன்மைப் பன்மையில் கொரிந்தியரும் அடங்குவரா, திருத்தூதர்கள் மட்டுமா? கிரேக்கம் வாய் திறவாமல் கடந்துபோகலாம். தமிழால் அது இயலாது. ‘-ஓம்’ என்னும் வினைவிகுதி இவ்வேறுபாட்டைக் காட்டாது என்பதால், எழுவாயை விட்டு வினையை மட்டும் எழுதினால் ஓரளவு தப்பிக்கலாம். வேற்றுமை உருபோ உடைமைப் பொருளோ வரும் இடத்தில் அந்த வழியும் அடைபடும்.

இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் உள்ளது. கடலில் புயல். இயேசு படகின் பின்புறம் தலையணை வைத்து உறங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பி, மடியப்போவதைச் சொல்லி முறையிடுகிறார்கள். எங்கள் வீட்டில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அவர்கள் சொல்வது ‘நாங்கள்’. அதாவது, மடியப்போவோரின் கணக்கில் உறங்குபவர் இல்லை. அவர் அதே படகில்தான் இருக்கிறார். அதே அலை அவர் மீதும் அடிக்கிறது. ஆயினும் இலக்கணம் அவரைக் கரையில் நிறுத்திவிடுகிறது. மொழிபெயர்த்தவர் பிழை செய்தார் என்று நான் கருதவில்லை. அச்சத்தில் இருப்பவன் அப்படித்தான் கூவுவான்.

வகுப்பில் இதை விளக்கினால் மாணவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: ‘நாம்’ சேர்ப்பது, ஆகவே நல்லது, ‘நாங்கள்’ விலக்குவது, ஆகவே குறுகியது. என் ஊர் அம்முடிவை ஏற்க விடாது.

என் ஊர் வட ஆர்க்காட்டுப் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆர்க்காடு மிஷனார் பணி செய்த பகுதி. எங்கள் ஆலயம் காலனியில் இருக்கிறது. சபையார் அனைவரும் காலனியார். ஊருக்கும் காலனிக்கும் இடையே ஒரு தார்ச்சாலை மட்டுமே. நான் பள்ளியில் படித்த காலத்தில் என் பாட்டி, எங்கள் வழக்கில் ஆயா, இறந்தார். கல்லறைக்குச் செல்லும் நேர்வழி ஊர்த்தெரு வழியே போகும். அவ்வழியே பிணம் போகக் கூடாதென்று சிலர் தெருமுனையில் நின்றார்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தது. வயல் வரப்பு வழியே, சேற்றில் கால் புதையப் புதையப் பெட்டியைச் சுமந்து போனார்கள். வழிநெடுக ஞானப்பாட்டு நிற்கவில்லை.

அன்று எங்களைத் தாங்கிய சொல் ‘நாங்கள்’ தான். ஊரின் ‘நாம்’ எங்களை ஒருபோதும் உள்ளடக்கியதில்லை. திருவிழாக் கூட்டத்தில், ஏரி மராமத்துப் பேச்சில், ‘நாம எல்லாரும்’ என்று அவர்கள் சொன்னபோது அந்த ‘எல்லாரும்’ எங்கு முடிகிறது என்று அனைவருக்கும் தெரியும். பெயர் சொல்லி ஏவப்பட்ட மக்கள், ஒருவருக்கொருவர் ‘ஐயா’, ‘அம்மா’ என்று அழைத்துக்கொள்ளவும், தங்களைத் தாங்களே ‘நாங்கள்’ என்று தலைநிமிர்ந்து சொல்லவும் ஆலயம் இடம் தந்தது. விலக்கப்பட்டவர்களுக்கு ‘நாங்கள்’ என்பது மதில் அன்று. நிற்பதற்குக் கிடைத்த முதல் தரை.

அரசின் படிவத்தில் இந்தக் கணக்கு வேறுவிதமாக வரும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து சமயத்தைப் பின்பற்றாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். பின்னர் 1956இல் சீக்கியர்க்கும், 1990இல் பௌத்தர்க்கும் அது திருத்தப்பட்டது. கிறித்தவர்க்குத் திருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் எங்கள் சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் என்று சொல்லும். வரப்பில் பெட்டி சுமந்த கூட்டத்தைச் சட்டத்தின் எந்தப் பன்மையில் சேர்ப்பது என்பது இன்றும் வழக்காகவே இருக்கிறது. சமயம் மாறினால் தெருமுனையில் நிற்பவர்கள் வழிவிட்டுவிடுவார்கள் என்று யார் நம்பினார்களோ தெரியவில்லை.

இந்தப் பின்னணியோடு ஐதராபாத்துக்கு வந்தேன். ஆய்வு தன்மைப் பன்மை பற்றியது என்பதால் தெலுங்கு கற்க வேண்டியிருந்தது. விடுதியில் அறைத்தோழி தெலங்கானாவின் நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்தவள். எனக்குத் தெலுங்கு கற்பித்தவள் அவளே. இருவருக்கும் வரவேண்டிய உதவித்தொகை ஒரே காலத்தில் தாமதமாகும். ஒரே மின்சூட்டுக் கெண்டியில் இருவருக்கும் உப்புமா வேகும். ஞாயிற்றுக்கிழமை நான் செகந்தராபாத்தில் ஒரு தமிழ் ஆராதனைக்குப் போவேன். அவள் துணி துவைப்பாள். சமயம் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சென்ற ஆண்டு அவள் தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரவில் துணையிருக்க நானும் அவளும் முறை வைத்துக்கொண்டோம். அங்கு நோயாளியின் உறவினர்க்குத் தாழ்வாரமே வீடு. பாய் விரித்து, சுவரோரம் சோற்றுத் தூக்கை வைத்து, பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வரிசையாகப் படுத்திருக்கும். யாருக்காவது இரத்தம் வேண்டுமென்றால் செய்தி பாய்க்குப் பாய் போகும். எட்டாம் இரவோ ஒன்பதாம் இரவோ, தோழியின் தாய் என் அருகே வந்து அமர்ந்தார். கணவரின் தலையணைக்கு அடியில் எல்லம்மன் கோயில் குங்குமப் பொட்டலத்தை வைத்திருந்தவர். ‘மீ தேவுடிகி செப்பு தல்லி’ என்றார். உங்கள் கடவுளிடம் சொல் அம்மா.

‘மீ’ என்று அவர் சொன்னது மரியாதை. தம் தெய்வத்தை விட்டுக்கொடுக்காமலும், என்னுடையதை இழிவுபடுத்தாமலும் ஒரு தாய் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அது. அவருக்கும் விளங்க வேண்டும் என்பதால் தெலுங்கிலேயே ஜெபித்தேன். கள ஆய்வுக்குக் கற்ற தெலுங்கு. நோய், வலி, இரக்கம் ஆகியவற்றுக்குப் போதுமானதாக இல்லை. வாய் திறந்ததும் ஒரு தேர்வு குறுக்கே வந்தது. தெலுங்கிலும் ‘எங்கள்’ வேறு, ‘நம்’ வேறு; ‘மா’, ‘மன’. அருகில் இருப்பவர் என் சபையார் அல்லர். எதைச் சொல்வது?

சிந்திக்க நேரம் இல்லை, ‘மா’ என்றேன். எங்கள் ஆண்டவரே, எங்கள் மீது இரங்கும் என்ற பொருளில்.

அறைக்குத் திரும்பிய பிறகே அதன் இலக்கணம் எனக்கு விளங்கியது. ‘எங்கள்’ விலக்குவது கேட்பவரை மட்டுமே. மனிதரிடம் பேசும்போது கேட்பவர் ஒரு மனிதர்; ஆகவே ‘எங்கள் சபை’, ‘எங்கள் வழக்கம்’ என்னும்போது எதிரில் இருக்கும் மனிதர் வெளியே நிற்கிறார். கடவுளிடம் பேசும்போது கேட்பவர் கடவுள். அப்போது விலக்கப்படுபவர் அவர் ஒருவரே. இந்தப் பக்கம் நிற்கும் யாரையும் விலக்க அச்சொல்லுக்கு வேலை இல்லை. அந்தத் தாய், கட்டிலில் கிடந்த அவர் கணவர், குங்குமப் பொட்டலத்தோடு அந்தத் தாழ்வாரம் முழுவதும் ‘மா’ என்னும் ஓரெழுத்துக்குள் அடங்கியிருந்தது. இயேசு கற்பித்த ஜெபத்தின் தொடக்கத்தில் சீர்திருத்தச் சபையாரும் கத்தோலிக்கரும் தத்தம் மொழிபெயர்ப்புகளில் ‘எங்கள்’ என்றே சொல்கிறோம். ஐந்து வயதிலிருந்து சொல்லிவரும் சொல். அதன் அகலம் எனக்கு அந்த இரவில்தான் தெரிந்தது.

பதினொன்றாம் நாள் அவர் இறந்தார். நான் ஜெபித்ததற்கு விடை அதுவா என்று கேட்டால் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, செய்தி அறிந்த சபைப் பெரியவர் ஒருவர் அன்போடு விசாரித்தார்: ‘அவங்க நம்மவங்களாம்மா?’ இல்லை ஐயா என்றேன். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. ஆயினும் அந்தக் கேள்வியில் எனக்கு வேறொன்று தெரிந்தது. கடவுளைப் பற்றி நமக்குள் பேசும்போது ‘நம்’ என்னும் சேர்க்கும் சொல்லே குறுகிவிடுகிறது. கடவுளை நோக்கிப் பேசும்போது ‘எங்கள்’ என்னும் விலக்கும் சொல் அகன்றுவிடுகிறது. நான் இதுவரை கற்ற இறையியல் ஏறக்குறைய இவ்வளவுதான்.

நண்பர்களுள் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சரியான இடத்தில் கைவைத்தார். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதை இலக்கணம் மெய்ப்பிக்காதே என்றார். மெய்ப்பிக்காது. விளி இருப்பதால் விளிக்கப்படுபவர் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த மொழியியலும் சொல்லாது. நான் நம்புகிறேன், அதற்குச் சான்றாக இலக்கணத்தை நிறுத்தவில்லை. அவரை நோக்கித் திரும்பி நிற்கும்போது இந்தப் பக்கம் யார் யார் என் அருகில் வந்து விடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். ‘இம்மானுவேல்’ என்ற பெயருக்குத் தமிழில் பொருள் கூறும்போது ‘நம்மோடு’ என்கிறோம். ‘எங்கள்’ என்று கூவியவர்களின் பக்கத்துக்கு அவரே வந்துவிட்டார் என்பதே என் சமயத்தின் அடிப்படைக் கூற்று. படகில் உறங்கியவரும் நனைந்துதான் இருந்தார்.

இது அன்றாடத்தில் என்ன செய்கிறது? ‘ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்’ என்று எளிதாகச் சொல்லிவிட முடிவதில்லை. இரவில் ஒருவரை ‘எங்கள்’ என்பதற்குள் சேர்த்தால், காலையில் அவருக்காக மருந்துச் சீட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. இறப்புச் சான்றிதழுக்குப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. இது கடினம் என்றாலும் செய்யக்கூடியது.

செய்ய அரிதான ஒன்று உண்டு. அச்சொல்லின் அகலம் மருத்துவமனைத் தாழ்வாரத்தோடு முடியவில்லை. நான் கடவுளை நோக்கி ‘எங்கள்’ என்று சொல்லும்போது, தெருமுனையில் நின்று என் ஆயாவின் பெட்டியை வரப்புக்குத் திருப்பியவர்களும் இந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே உணவு கேட்கிறேன். அவர்களுக்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்கிறேன். அதனால் அந்த வழி எங்களுக்கும் உரியது என்னும் கோரிக்கை தளர்ந்துவிடாது. 1950ஆம் ஆண்டு ஆணைமீதான வழக்கும் தளரக் கூடாது. மன்றத்தில் ‘நாங்கள்’ என்றே சொல்வோம், சொல்ல வேண்டும். ஆனால் ஞாயிறன்று அந்த ஜெபத்தின் தொடக்கத்துக்கு வரும்போது என் குரல் ஒவ்வொரு முறையும் சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். எப்படி ஜெபிக்கிறாய் என்று கேட்ட நண்பர்களுக்கு என் விடை இதுவே.

மராத்தி, மலையாளம், குஜராத்தி பேசும் நண்பர்கள் தங்கள் வழிபாட்டில், எந்தச் சமயமாயினும், இச்சொல் எவ்வாறு அமைகிறது என்று எழுதினால் மகிழ்வேன். ஆய்வுக்காக மட்டும் கேட்கவில்லை.