பேர் என்ன சோறா கேக்குது?

எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரை மீனவர் சங்கத்துக்குச் செயலாளராகத் தெரிவானபோது எனக்கு யாப்பு மனப்பாடம். எந்த விதி எந்தப் பக்கத்தில் என்றுகூடச் சொல்வேன். எந்த மாதம் இறால் எங்கே படும் என்பதை மட்டும் மற்றவர்களிடம் கேட்க வேண்டியிருக்கும். இப்படி ஒருவனை எப்படித்தான் சகித்தார்களோ!

அது 1990. ஜூனில் சண்டை மறுபடி மூண்டு, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைச் சனம் மேற்கே படுவான்கரைக்கும் அங்கிருந்தவர்கள் வேறெங்கோவுமாகச் சிதறிய காலம். அரைவாசிப் பேருக்குச் சந்தா நிலுவை. கட்டாதவரை நீக்கலாம் என்கிறது யாப்பு. சிவப்புப் பேனையும் அங்கத்தவர் பதிவேடுமாகத் தலைவரிடம் போனேன். வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்த கிழவர் நிமிரவே இல்லை. "என்னத்துக்கு மனே வெட்டுறாய்? பேர் என்ன சோறா கேக்குது? கிடக்கட்டும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு, தோணியை வாவியில் இறக்கவே படையினரின் பாஸ் வேண்டும் என்றானது. பாஸுக்குச் சங்கக் கடிதம் கேட்டார்கள். ஊர் திரும்பியவனிடம் வீடில்லை, தோணியில்லை, சிலரிடம் அடையாள அட்டையும் இல்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது. கடிதங்களை நான் எழுத, பக்கத்தில் கிழவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு வாய்த்திருக்காது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிலைமை தலைகீழ். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த நாவலடியைத் தாண்டி சுனாமி அலை வாவிக்குள்ளும் வந்தது. அதன் பின்னாலேயே நிறுவனங்கள் வந்தன. வள்ளம், எஞ்சின், வலை. எல்லாரும் முதலில் கேட்டது அங்கத்தவர் பட்டியல், அதுவும் நாளைக்கே. முன்பு பெயரை வெட்ட அவசரம், இப்போது சேர்க்க அவசரம். ஊரில் இத்தனை மீனவர்கள் இருப்பது அந்தக் கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அப்போது நான் தலைவர். பட்டியலை இரவோடிரவாக எழுதாமல், விறாந்தையில் பழைய தொழிலாளிகள் மூன்று பேரை இருத்தினேன். அவர்கள் விண்ணப்பத்தைத் தொடவில்லை. கிழிந்த வலைத்துண்டையும் ஊசியையும் நீட்டினார்கள். தொழில் தெரிந்த கை, ஊசியை வாங்குமுன்பே கிழிசலின் ஓரக் கண்ணை விரலால் தேடும். தெரியாதவன் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவன் வீட்டை இழந்த மேசன். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு மேசன் சாமான்கள் எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கிராம சேவகருக்குக் கடிதம் எழுதினோம். தாமதம் தாங்காமல் ஒரு நிறுவனம் வேறு ஊருக்குப் போய்விட்டது. போகட்டும்; கடலையே அறியாதவர் வாசலில் வள்ளம் கவிழ்ந்து கிடந்த கதைகள் அந்த நாட்களில் கரை நெடுகக் கேட்டன.

வரிசையில் ஒரு பெண் நின்றாள். "எனக்கும் ஊசியைத் தாங்க" என்று வாங்கி, கதைத்தபடியே கிழிசலை மூடிவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பையை இடுப்பில் கட்டி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். 56 கிலோமீற்றர் நீள வாவியில் இப்படி எத்தனையோ பெண்கள். எங்கள் பதிவேட்டில் ஒருத்தியும் இல்லை. தோணியோ வலையோ உள்ளவர்தான் அங்கத்தவர் என்று எழுதியிருந்தோம். கைக்கு அங்கே இடமில்லை.

யாப்பை மாற்றப் பொதுக்கூட்டம் வேண்டும். ஆளுக்கொரு வாக்கு என்பது 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளரும் கடை தொடங்கிய நாளிலிருந்து கூட்டுறவுக்காரரின் வழக்கம். நாலு தோணிக்காரனுக்கும் ஒன்று, தலைவருக்கும் ஒன்று. தோற்றோம். "பொம்பிளைகள் வந்தா கூட்டம் விடியுமட்டும் போகும்" என்றார் ஒருவர். அன்று கூட்டம் நடுச்சாமத்தைத் தாண்டியது அவர் பேசித்தான். நான் வற்புறுத்தவில்லை. வீடுகளில் கறிக்குப் பஞ்சம் வந்ததோ என்னவோ, மறுவருடம் அதே கைகள் உயர்ந்தன.

புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. அடுத்ததில், பொருளாளர் கணக்கறிக்கையை வாசித்து முடித்ததும் ஒருத்தி எழும்பினாள். இத்தனை வருடத்தில் எங்களில் எவனும் கேட்காத கேள்வி அது.

"தேத்தண்ணிக்கு ஏன் இவ்வளவு காசு?"