நின்னு போன தொடர்கதையும் ஒரு வெங்காயக் காடும்

"அந்த அண்ணன் தம்பி கதை என்னாச்சு? முடிச்சிட்டியா, இல்ல அப்படியே ஊத்தி மூடிட்டியா?"ன்னு போன மாசம் மட்டும் நாலு பேர் கேட்டுட்டாங்க. அதுல ரெண்டு பேர் எங்க வீட்டு ஆளுங்க. ஒருத்தர் செம்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர், இதுவரைக்கும் ஒரு அத்தியாயம் கூட படிச்சதில்லை :-) இருந்தாலும் கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணுமில்ல.

நிலவரம் இதுதான். மொத்தம் 45 அத்தியாயம் எழுதறதா திட்டம். 31 முடிஞ்சது. 31க்கும் 32க்கும் நடுவுல எட்டு மாச இடைவெளி. ஆபீஸ்ல ஆணி அதிகம், ரிலீஸ் நேரம், தூங்கவே நேரமில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். அது பாதிப் பொய்.

கதை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. செம்பட்டிக்குப் பக்கத்துல ஒரு தோட்டம். கெணறு ஒண்ணு, பங்காளிங்க ரெண்டு பேர். ஒரு நாள் அண்ணனுக்கு, மறுநாள் தம்பிக்குன்னு மோட்டார் முறை. 22ஆவது அத்தியாயத்துல ஒரு ராத்திரி, தம்பியோட முறையில அண்ணன்காரர் திருட்டுத்தனமா மோட்டாரைப் போட்டு தன்னோட வெங்காயத்துக்குத் தண்ணி பாய்ச்சிடுவார். அதுலருந்துதான் குடும்பம் ரெண்டாகும்.

எங்க அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இதே மாதிரி ஒரு பொதுக் கெணறு இருந்துச்சு. ஒரு ராத்திரி மோட்டார் பேச்சும் இருந்துச்சு. நான் ஆளுங்க பேரை மாத்தினேன். ஊரை மாத்தல. பெரியப்பாவோட பச்சைத் துண்டை சிவப்பா மாத்தினேன். எவனும் கண்டுபிடிக்க முடியாதுன்னு நெனப்பு!

பெரியப்பா பொண்ணு, எங்க அக்கா, மொத்தக் கதையையும் அவருக்கு வாசிச்சுக் காட்டியிருக்கு. இந்தப் பொங்கலுக்கு அவர் எங்க வீட்டுக்கு வரல. ஏன்னு யாரும் சொல்லல. அம்மா மட்டும், "உன் கதையைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வையேன்ப்பா"ன்னாங்க. வச்சுட்டேன்.

ஆபீஸ்ல தப்பான கோடு லைவுக்குப் போயிடுச்சுன்னா ராத்திரியோட ராத்திரியா பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுடலாம். ஜனங்க படிச்சுட்ட அத்தியாயத்தை அவங்க மனசுலருந்து எப்படித் திரும்ப எடுக்கறது?

எழுதாத நாள்ல, மத்தவங்க எப்படிச் சமாளிச்சாங்கன்னு தேடிப் படிச்சேன். வேலைக்குப் போயிக்கிட்டே தொடர்கதை எழுதறவங்களுக்கெல்லாம் குலதெய்வம் சுஜாதாதான். பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியரா இருந்துக்கிட்டே அத்தனை எழுதினார். அவரே குமுதத்துல 'கருப்பு சிவப்பு வெளுப்பு' எழுதறப்ப எதிர்ப்பு வந்து தொடரைப் பாதியில நிறுத்த வேண்டியதாச்சு. அப்புறம் அதைத் திரும்ப எழுதினதுதான் 'ரத்தம் ஒரே நிறம்'. இன்னொரு பக்கம் ஜெயமோகன். 2014 ஜனவரி 1ல வெண்முரசு ஆரம்பிச்சு 2020ல முடிச்சார். 26 நாவல். நமக்கு 45 அத்தியாயத்துக்கே நாக்குத் தள்ளுது.

ஆனா என்னை ரொம்ப உலுக்கினவர் எங்க ஊருக்குப் பக்கத்து ஆள். செம்பட்டியில பஸ் ஏறினா அடுத்த பெரிய ஊர் வத்தலக்குண்டு. பி.ஆர். ராஜம் ஐயர் 1872ல பொறந்த ஊரு. தமிழ்ல ஆரம்ப கால நாவல்கள்ல ஒண்ணு, 'கமலாம்பாள் சரித்திரம்', அவர் எழுதினது. பாடப் புத்தகத்துல ஒரு மார்க் கேள்வியா படிச்சு மறந்தாச்சு. அது ஒரு தொடர்கதைங்கறதே எனக்கு இப்பத்தான் உறைச்சது. 'விவேக சிந்தாமணி' மாசப் பத்திரிகையில 1893லருந்து 1895 வரைக்கும் வந்துச்சு. ஆரம்பிக்கறப்ப அவருக்கு வயசு 21. அந்த வயசுல நான் அரியர் எழுதிட்டிருந்தேன். 1898ல, 26 வயசுலயே போய்ட்டார். எனக்கு இப்ப 28.

அதே வத்தலக்குண்டுல வளர்ந்த சி.சு. செல்லப்பா, 'சுதந்திர தாகம்'னு மூணு பாகத்துக்கு ஒரு நாவலை 1997ல கொண்டு வந்தார். அப்ப அவருக்கு வயசு 80க்கு மேல. மறுவருஷமே காலமாயிட்டார். ஒருத்தர் 23 வயசுக்குள்ள முடிச்சுட்டார், இன்னொருத்தர் 80 தாண்டி முடிச்சார். நேரமில்லைன்னு நான் சொல்ற சாக்கு ரெண்டு பக்கமும் அடி வாங்குது.

இதெல்லாம் கூடப் பரவால்ல. கமலாம்பாள் கதைக்கு முதல்ல வச்ச பேரு 'ஆபத்துக்கிடமான அபவாதம்'. அபவாதம்னா வீண்பழி. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. மறு சனிக்கிழமை தோட்டத்துக்குப் போயிட்டேன்.

பெரியப்பா களத்துல வெங்காயம் காயப் போட்டுட்டிருந்தார். "வாடா கதைக்காரா"ன்னார். உக்காரச் சொல்லல.

"வெங்காயம் புடுங்க ஒரு வாரம் இருக்கு. அப்பப் போயி எவனாவது தண்ணி கட்டுவானாடா? அழுகிப் போயிராது?"

எனக்குப் புரியல. "எதைச் சொல்றீங்க பெரியப்பா?"

"உன் கதையிலதான். ராத்திரி திருட்டுத்தனமா தண்ணி பாய்ச்சுறான். அடுத்த வாரமே வெங்காயம் புடுங்குறான். வெவசாயி களவாண்டாலும் ஒரு அர்த்தத்தோட களவாங்குவான்டா."

போன்ல எடுத்துப் பார்த்தேன். 22ல திருட்டு, 23ல அறுவடை. இன்ஜினியரிங் முடிச்சு ஆறு வருஷமா அடுத்தவன் லாஜிக்ல ஓட்டை கண்டுபிடிச்சு சம்பளம் வாங்கறேன். இது கண்ணுல படல!

நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. "உங்கப்பன் இன்னும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கானா?"ன்னு கேட்டார்.

அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஏன்னா அப்பா ஒரு நாளும் திருட்டுன்னு சொன்னதே இல்லை. "அன்னைக்கு ராத்திரி மோட்டார் ஓடுச்சு", அவ்வளவுதான் சொல்லியிருக்கார். போட்டது அண்ணன்தான்ங்கறதும், திருட்டுங்கறதும் நான் சேர்த்தது. 'தொடரும்' போடறதுக்கு முன்னாடி ஒரு அதிர்ச்சி தேவைப்பட்டுச்சு, சேர்த்துட்டேன்.

"அப்பா அப்படிச் சொல்லல பெரியப்பா. நான்தான் போட்டேன்."

ரொம்ப நேரம் வெங்காயத்தைக் கிண்டி விட்டுட்டிருந்தார். அப்புறம், "மோட்டார் ஓடுனது நெசம்"ன்னார்.

"யாரு போட்டாங்க?"

"கதை எழுதுறவன் நீதான, நீயே சொல்லு"ன்னுட்டு மாட்டைப் பிடிச்சுக் கட்டப் போய்ட்டார். திரும்பி வந்தப்ப, "சாப்பிட்டுப் போ"ன்னார்.

அன்னைக்கு ராத்திரியே 32ஐ ஆரம்பிச்சேன். கட்டில்ல படுத்திருக்கற அண்ணனுக்கு, தம்பி முறையில மோட்டார் ஓடற சத்தம் கேக்குது. எந்திரிச்சுப் போறார். அங்க யாரு இருந்தாங்கங்கறது 33ல. பழைய 22ஐ மாத்தப் போறதில்லை. அது தம்பி மகன் நம்பிக்கிட்டிருந்த கதைன்னு 40ல தெரியும். வெங்காய அறுவடையை மட்டும் ஒரு மாசம் தள்ளி வச்சுட்டேன். பெரியப்பா உத்தரவு.

மத்த வேலைங்க: எந்த அத்தியாயத்துல யாரு, எந்தத் தேதியில, எந்தப் பயிர்னு சரிபார்க்க ஒரு சின்ன புரோகிராம் எழுதிட்டிருக்கேன், முக்கால்வாசி முடிஞ்சது. எங்க பக்கத்துத் தோட்ட வார்த்தைங்களைத் தனியா ஒரு நோட்டுல சேர்க்கறேன், இதுவரைக்கும் 140. சிறுகதைத் தொகுப்பு அப்படியேதான் கிடக்கு, அதைப் பத்திக் கேக்காதீங்க.

45ஐ வர்ற பொங்கலுக்குள்ள முடிக்கணும். இனிமே ஒவ்வொரு அத்தியாயமும் பெரியப்பாகிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் வெளிய வரும். வெவசாயத் தப்பு மட்டும்தான் பார்ப்பாராம், மத்ததுல தலையிட மாட்டாராம்.

அப்பாகிட்ட இன்னும் வாசிச்சுக் காட்டல. அது அடுத்த வாரம்.