முன்னால் நிற்பது யார்?

1998-இல் எங்கள் அலுவலகத்துக்கு வேர்டு 97 வந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. டைப்ரைட்டரில் தேய்ந்த விரல்கள். மாதம் முந்நூறு கடிதம் அடிக்க வேண்டும்; அடித்த கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கணக்குப் புரோகிராமில் மறுபடி ஏற்ற வேண்டும். இந்த இரட்டை வேலை பொறுக்காமல்தான், கட்டளைகளை எழுதிவைத்தால் வேர்டே வேலையைச் செய்துவிடும் மேக்ரோவைக் கற்றுக்கொண்டேன்.

ஆப்ஆக்டிவேட் என்று எழுதி விண்டோவின் தலைப்பைக் கொடுத்தால் அது முன்னால் வந்து நிற்கும். அப்புறம் சென்ட்கீஸ்: நாம் விசைகளைத் தட்டுவதுபோல் அதுவே எழுத்துகளை அனுப்பும். அதில் சதவீதக் குறி போட்டால் ஆல்ட், அலைக்கோடு போட்டால் என்டர். நான் கைகட்டி உட்கார்ந்திருக்க, கட்டம் கட்டமாக எழுத்துகள் தாமே விழும். பக்கத்து மேசைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போனது.

சென்ட்கீஸுக்குக் கண் கிடையாது. அந்த நேரத்தில் எந்த விண்டோ முன்னால் இருக்கிறதோ, அதில் கொட்டிவிடும். நானோ ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை கணக்கு விண்டோவை முன்னால் கொண்டுவந்துவிட்டு, முந்நூறுக்கும் அதையே நம்பியிருந்தேன். ஒரு மாதக் கடைசியில் மேக்ரோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். நடுவில் பிரிண்டரில் காகிதம் தீர்ந்து திரையில் ஓர் அறிவிப்புப் பெட்டி எட்டிப் பார்த்திருக்கிறது. கணக்குக்குப் போக வேண்டிய என்டரை அது வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லாமே ஒரு கட்டம் தள்ளி விழுந்தன. திரும்பி வந்து பார்த்தால் ஒருவர் பெயரில் பாக்கி 1,147 ரூபாய். அது அவருடைய கடித எண்!

இரண்டு இரவு லெட்ஜரை வைத்துக்கொண்டு திருத்தினேன். பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் விண்டோவை அழைத்து நிறுத்திவிட்டுத்தான் எழுத்தை அனுப்பினேன். எக்ஸெல் வேலைகளுக்குக் கிரியேட்ஆப்ஜெக்ட் என்ற கட்டளையைப் பழகினேன். அதில் விண்டோ முன்னால் இருக்க வேண்டியதே இல்லை. இன்ன ஷீட், இன்ன கட்டம் என்று நேராகச் சொல்லிவிடலாம். 1999 மார்ச்சில் வந்த மெலிசா வைரஸும் இதே வாசல் வழியாகத்தான் புகுந்தது. வேர்டு மேக்ரோ ஒன்று அவுட்லுக்கைப் பிடித்து 50 முகவரிகளுக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. அதன்பிறகு மேக்ரோ என்றாலே எங்கள் மேலதிகாரி என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

அலுவலகத்தில் திருந்தினேன், வீட்டில் திருந்தவில்லை. யார் போனை எடுத்தாலும் அவர்கள் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் விஷயத்தைக் கொட்டிவிடுவேன். மகளுக்கு வரன் பார்த்த சமயம், வீட்டுக்குப் போன் போட்டு, "அந்தச் சம்பந்தம் சரிப்படாது, ரொம்பக் கேட்கிறாங்க" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். போனை எடுத்தது மனைவி இல்லை. பெண் பார்க்க முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா.

இப்போதெல்லாம் செல்போனை எடுத்ததும், "யாருங்க பேசறது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். "பேருதான் ஸ்கிரீன்லயே வருதே தாத்தா" என்று பேரன் சிரிக்கிறான்.