மல்லிகை நகரமும் மலையுச்சிக் கிராமமும்

பிரான்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஈபிள் கோபுரமும் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2019 ஓகஸ்ட் மாதம் நான் பார்க்கப் போனது பாரிஸை அல்ல. நாட்டின் தென்கிழக்குக் கோடியில், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் கான் நகரில் என் தங்கை மகள் குடும்பமாக வாழ்கிறாள். ஆசிரியைத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, "பெரியம்மா, ஒரு தடவையாவது வந்து இருந்துட்டுப் போங்க" என்று அவள் விடாமல் கேட்டதில்தான் இந்தப் பயணம் கைகூடியது. மருமகனுக்கு ஓர் உணவகத்தின் சமையற்கூடத்தில் வேலை. ஓகஸ்ட் மாதத்தில் அங்கே உணவகக்காரர்களுக்குத் தூங்கவும் நேரமில்லை. எனவே என்னை ஊர் சுற்றிக் காட்டியதெல்லாம் தங்கை மகள்தான்.

கான் கடற்கரையைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. திரைப்பட விழா நடக்கும் ஊர், செல்வந்தர்களின் படகுகள், நெருக்கியடித்துக்கொண்டு வெயிலில் படுத்திருக்கும் சனம். நமுனுகுல மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்க்கத்தான் தோன்றியது. "அந்த மலையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "வாசனைத் திரவியம் செய்யிற ஊர் இருக்கு பெரியம்மா. வாங்க, போவோம்" என்றாள்.

அந்த ஊரின் பெயர் கிராஸ். கானிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஊருக்குள் இறங்கியதும் சென்ட் மணம் மூக்கைத் துளைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பழைய ஊரின் சந்துகள் ஒடுக்கமானவை. வீடுகள் மஞ்சளும் செம்மண் நிறமுமாக நாலைந்து மாடி உயர்ந்து நிற்கின்றன. சில வீடுகளில் சுண்ணாம்பு உதிர்ந்து, யன்னலுக்கு யன்னல் துணி காய்ந்துகொண்டிருந்தது. வட ஆபிரிக்காவிலிருந்து வந்த குடும்பங்கள் அந்தச் சந்துகளில் நிறைய வாழ்கின்றன. சமையல் வாசம்தான் முதலில் வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

கிராஸ் முதலில் தோல் பதனிடும் ஊராகத்தான் இருந்தது. தோல் நாறும். 16ஆம் நூற்றாண்டில் சீமாட்டிகளும் சீமான்களும் அணியும் தோல் கையுறைகளுக்கு அந்த நாற்றம் போக வாசனை ஏற்றத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் தோல் தொழில் நலிந்தது. நாற்றத்தை மறைக்க வந்த வாசனையே ஊரின் தொழிலாக நிலைத்துவிட்டது. கலிமார் என்ற நிறுவனம் 1747ஆம் ஆண்டிலும், மொலினார் 1849இலும், பிராகோனார் 1926இலும் தொடங்கியவை. இன்றும் பார்வையாளர்களை உள்ளே அழைத்துச் சென்று செப்புப் பாத்திரங்களையும் வாலைகளையும் காட்டுகிறார்கள். கடைசியில் கடைக்குள் கொண்டுவந்து விடுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரின் நடுவே வாசனைத் திரவியங்களுக்கென்றே ஒரு சர்வதேச அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய காலத்தில் பூவின் மணத்தை எப்படி எடுத்தார்கள் என்று அங்கே பார்த்தேன். கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன் மேல் மல்லிகைப் பூக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைப்பார்கள். கொழுப்பு மணத்தை இழுத்துக்கொண்டதும் வாடிய பூக்களை எடுத்துவிட்டுப் புதுப் பூ அடுக்குவார்கள். இப்படியே நாட்கணக்கில். பழைய படங்களில் நீண்ட மேசைகளின் இருபுறமும் அமர்ந்து இந்த வேலையைச் செய்வது பெண்கள்தான். நம் தொழிற்சாலைகளில் தேயிலையில் குச்சி பொறுக்கும் பெண்களின் அதே குனிந்த தலை. கலவையை முகர்ந்து தீர்மானிக்கும் நிபுணரை அங்கே 'மூக்கு' என்றே அழைக்கிறார்கள். கொழும்பில் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்கிறவருக்குச் சமமானவர். அவர்களுடைய பெயர்கள் சுவரில் இருக்கின்றன. பூ அடுக்கியவர்களின் பெயர்கள் எனக்குத் தென்படவில்லை.

அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான தோட்டம் சிறிது தூரத்தில் முவான்-சர்த்து என்னும் ஊரில் உள்ளது. அங்கே மல்லிகைப் பாத்தியைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பிச்சிப்பூ! ஊரில் கோயிலுக்கு மாலை கட்டுகிற அதே ஐந்திதழ்ப் பூ. கிழக்கிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே போய்ச் சேர்ந்தது. இரவில் விரிந்து, வெயில் ஏறினால் மணம் குறைந்துவிடும் என்பதால் விடியற்காலையிலேயே பறித்துவிட வேண்டும். ஓகஸ்டிலிருந்து ஒக்டோபர் வரை பறிப்புக் காலம். ஏறக்குறைய 8,000 முதல் 10,000 பூ பறித்தால்தான் 1 கிலோ நிறுவை. அப்படி 600 கிலோவுக்கு மேல் பூ சேர்ந்தால் 1 கிலோ சுத்தச் சாறு கிடைக்கும். நம்மிடம் 4 கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து சேர்ந்தால் 1 கிலோ தேயிலை. கணக்கைக் கேட்டதும் என் விரல்கள் வலித்தன என்றே சொல்லலாம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அதே மாதங்களில்தான் ஊவாவில் கச்சான் காற்று வீசும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடித்துக் கொழுந்து சற்றே வாடி, நம் தேயிலையில் ஒரு குளிர்ந்த மணம் ஏறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த மணம்தான். அவர்களும் மணத்தை விற்கிறார்கள், நாமும் மணத்தை விற்கிறோம்.

தோட்டத்தில் நிழலில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியுடன் தங்கை மகள் பேச்சுக் கொடுத்தாள். அவருடைய தாய் இத்தாலியின் தெற்கில் கலபிரியாவிலிருந்து பூப்பறிக்க வந்தவராம். அந்தக் காலத்தில் கிராஸ் வயல்களில் பறித்தவர்களில் பெரும்பகுதியினர் இப்படி இத்தாலியிலிருந்து வந்த ஏழைப் பெண்களே. இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு, பொழுது விடியும் முன்னே பனியில் நனைந்தபடி நிரைக்கு இறங்குவார்களாம். நிறுவைக்குத்தான் கூலி.

எனக்கு அதற்கு மேல் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நிறுக்கும்போது தண்ணீருக்கும் கூடைக்கும் கழிப்பார்களா?" என்று கேட்கச் சொன்னேன். கேள்வி பிரெஞ்சில் போனதும் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் என்ன பறிப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். "என் அம்மா தேயிலை பறித்தார், 40 வருடம்" என்றேன். நிறுவை விடயம் தனக்கு நினைவில்லை, அப்போது தான் சின்னப் பிள்ளை என்றார். ஆனால் பறிப்புக் காலத்தில் அம்மாவுக்கு இரவில் முதுகு தேய்த்துவிட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம். அதுவரை எங்களுக்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

இடையில் அவர் சொன்ன ஒரு செய்தி என் மனதில் தங்கிவிட்டது. வந்து 22 வருடங்களில் அவருடைய தாய் பழைய ஊரில் இரண்டு அறை வீடொன்றை விலைக்கு வாங்கிவிட்டாராம். இறக்கும்போது அது அவர் பெயரிலேயே இருந்தது. பிரான்சில் பிறந்த மகள் பிரெஞ்சுப் பிரஜை. பேத்தி வாசனைத் திரவிய ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறாள்.

சகோதரிகளே, தோட்டத்தில் 'பேர்' என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாள் வேலை ஒரு பேர். நிறுவை குறைந்தால் அரைப்பேர். அம்மா மாதக் கடைசியில் "இந்த மாசம் 21 பேர்" என்பார். ஆனால் அவர் பேரில் ஒரு முழம் நிலமும் இருந்ததில்லை. 1948இல் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன்தான் ஒருவாறு தீர்ந்தது. காணி, வீடு, முகவரி ஆகியவற்றின் கதை இன்னும் முடியவில்லை.

கிராஸை நான் சொர்க்கமாக்கிக் காட்ட விரும்பவில்லை. கடற்கரைப் பக்கம் காணி விலை ஏற ஏறப் பூ வயல்கள் பலவும் நீச்சல் தடாகம் உள்ள பங்களாக்களாகிவிட்டன. கூலி மலிவான நாடுகளில் பூ வாங்குவது கம்பனிகளுக்கு இலாபமாகியது. இன்று உலக வாசனைத் தொழிலுக்குப் போகும் மல்லிகைச் சாற்றில் பெரும்பங்கு எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது. இந்தியாவில் குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து. திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் விடியலில் பறிக்கும் மல்லிகைதான் வெளிநாட்டுப் போத்தல்களுக்குள் போகிறது. கிராசில் எஞ்சியிருப்பவை சில குடும்பங்களின் வயல்களே. பெகொமாஸ் என்ற இடத்தில் ஒரு குடும்பத்தின் ரோசாவையும் மல்லிகையையும் ஷனெல் கம்பனி 1987 முதல் ஒப்பந்தத்தில் வாங்கி வருகிறது. 2018 நவம்பரில் கிராஸ் பகுதியின் பூ வளர்ப்பு, சாறு எடுத்தல், கலவைக் கலை மூன்றையும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிட்டது. பறிக்கிறவரின் கைத்திறனும் அதற்குள் அடக்கம் என்று அறிந்தபோது, கொழுந்தெடுப்பதை 'பயிற்சி தேவையில்லாத வேலை' என்று சொல்லும் நம்மூர் ஆட்களை அங்கே கூட்டிப் போய்க் காட்ட வேண்டும்போல் இருந்தது.

மறுவாரம் கூர்டோன் போனோம். கிராசிலிருந்து வடகிழக்கே, லூ என்ற ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே, 760 மீற்றர் உயரத்தில் ஒரு பாறை நுனியில் உட்கார்ந்திருக்கும் கிராமம் அது. கீழேயிருந்து பார்த்தால் வீடுகள் எங்கே முடிகின்றன, பாறை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எதிரிகளுக்குப் பயந்து அக்காலத்தில் இப்படிக் கழுகுக்கூடுபோலக் கட்டிக்கொண்டார்கள். வாகனப் பாதை வருவதற்கு முன் கோவேறு கழுதைகள் ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதை இன்னும் இருக்கிறது. அதன் பெயர் 'சொர்க்கப் பாதை'. ஏறிப் பார்த்தவர் எவரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்!

உச்சியில் ஒரு சிறு சதுக்கம். அங்கிருந்து பார்த்தால் நீஸ் நகர்ப்பக்கம் தொடங்கிக் கடற்கரை முழுவதும் தெரிகிறது. கீழே பள்ளத்தாக்கில் உடைந்த ரயில் பாலமொன்றின் கல்தூண்கள் நிற்கின்றன. 1944 ஓகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. மறுபடி கட்டவே இல்லை. 1921இல் கட்டி முடித்த நம் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் இன்றும் ரயில் ஓடுவதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்தச் சதுக்கத்தின் பெயர் விக்டோரியா. 1891இல் விக்டோரியா மகாராணி கிராசில் ஓய்வெடுக்க வந்தபோது இந்தக் கிராமத்துக்கும் வந்து காட்சியைக் கண்டு களித்தாராம். அதே மகாராணியின் ஆட்சியில்தான் நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் காட்டு வழியாக நடந்து வந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலையேறினார்கள். அவருடைய ஒரு நாள் வருகைக்கு ஒரு சதுக்கம்.

கிராமத்து மக்கள் தொகை ஏறக்குறைய 400தான். கற்சந்துகளில் நுகா மிட்டாய், சவர்க்காரம், கண்ணாடிப் பொருட்கள் விற்கும் கடைகள். பகலில் சுற்றுலாப் பயணிகளின் வெள்ளம். ஒரு வீட்டு வாசலில் வயதான பெண்ணொருவர் கீரையோ என்னவோ ஆய்ந்துகொண்டிருந்தார். நாலு பேர் அவரை நோக்கிக் கைத்தொலைபேசியை நீட்டினார்கள். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு எல்லப் பக்கத்து மலைச்சரிவுகள் நினைவுக்கு வந்தன. கொழுந்துக் கூடையுடன் நிற்கும் நம் பெண்களை வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் படம் பிடிக்கிறார்கள். ஒரு வித்தியாசம்: அந்த அம்மாவுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்தது, அது அவருடையது.

நமுனுகுல என்றால் சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள். 2,000 மீற்றருக்கும் சற்று உயர்ந்த மலை. அழகில் கூர்டோனுக்கு எள்ளளவும் குறைந்ததல்ல. பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். எல்லவிலிருந்து விடுதிகள் ஒவ்வொன்றாக மலையேறி வருகின்றன. கிராசில் பூ வயல் பங்களாவானபோது விற்றவருக்காவது காசு கிடைத்தது, ஏனெனில் நிலம் அவருடையது. நம் மலை விலை ஏறும்போது லயத்தில் இருப்பவர் எதை விற்பார்? 2015க்குப் பின் 7 பேர்ச் என்றார்கள், பிறகு 10 பேர்ச் என்றும் பேசினார்கள். தனி வீடுகள் கட்டிக் கொடுத்த இடங்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லயங்களும் அப்படியே நிற்கின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடிய பிறகும், பெருமழை என்றால் இன்றும் விழித்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கி வந்த சின்ன மல்லிகை சென்ட் போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம பிச்சிப்பூ இதவிட நல்லா மணக்கும்" என்று மூடி வைத்துவிட்டார். மகாராணியைப் பற்றியோ பாலத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. இத்தாலிக்காரப் பெண்ணின் கதையை மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்.

"எத்தன வருசத்துல வீடு வாங்குனா அந்தப் புள்ள?"

"22 வருசம்மா."

"பூ ஆயியா?"

"பூ ஆஞ்சுதான்."

அம்மா கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பில் தண்ணீர் வைக்க எழுந்து போனார்.