கூப்பிட்டவருக்குக் கேட்கும் மணி

2025 மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். திருத்தணி வட்டாரத்தில் இதற்கென்று பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை. ஏப்ரலிலேயே வேலூரோடு போட்டி போட்டுக்கொண்டு நூறு டிகிரியைத் தாண்டிவிடும். வெயில் காலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மூலை. அம்மா முன்கட்டில், மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய அறையில். ஒன்றரை அடிச் சுவர், சூடு இறங்காது. நான் மாடியில். தம்பி பின்னால் தறி ஷெட்டில். நடுவில் மாட்டுக் கொட்டகை, கிணறு, ஒரு வேப்பமரம்.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். அவள் கூப்பிட்டால் யாருக்கும் கேட்பதில்லை. செல்போன் வாங்கிக் கொடுத்தாயிற்று. அதைச் சார்ஜ் போட ஆள் வேண்டும். போட்டாலும் அந்தச் சுவருக்குள் சிக்னல் ஒரு கோடு நின்றால் பெரிது.

வயர்லெஸ் இன்டர்காம் வாங்கியே தீர வேண்டும் என்று தம்பி மனைவி தீர்மானித்துவிட்டாள். "டெலிபோன்லயே வேலை பாத்தீங்களே மாமா, நீங்களே பாத்து வாங்குங்க" என்றாள். அதில் ஒரு குத்தலும் உண்டு. பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் 2020 ஜனவரி 31-ஆம் தேதி, நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருவன். அன்றிலிருந்து வீட்டில் எது பழுதானாலும் என் கைக்குத்தான் வரும்.

என் கட்சி ஒயர்தான். இரண்டு கம்பி இழுத்து இரண்டு போன் வைத்தால் இருபது வருஷம் பேசும். ஆனால் முற்றத்தின் குறுக்கே ஆகாயத்தில் போகிற கம்பி இடியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வரும். போன ஐப்பசியில் கேபிள் டிவி ஒயர் வழியாக வந்த இடியில் டிவி பெட்டி கருகியது. பூமிக்குள் பதிக்கலாமென்றால் கொட்டகையின் கல் தளத்தைப் பெயர்க்க வேண்டும். சரி, வயர்லெஸ்ஸே இருக்கட்டும்.

மே 6, செவ்வாய்

திருத்தணி போயிருந்தேன். ம.பொ.சி. சாலையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் பார்த்தேன். எல்லைப் போராட்டம் நடத்தி 1960-இல் இந்த ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப் பாடுபட்டவர் பேரில் உள்ள சாலை. கடைக்காரர்கள் இன்னும் பாதி வாடிக்கையாளர்களிடம் தெலுங்கில்தான் பேசுகிறார்கள். எங்கள் வீட்டிலும் மாட்டை அதட்டுவதென்றால் தெலுங்குதான்.

பெட்டிமேல் ஆயிரம் மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அது வறண்ட ஏரிக்குள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் கணக்கு. எனக்கு வேண்டியது நாற்பது மீட்டர்தான். ஆனால் அந்த நாற்பது மீட்டருக்குள் ஒன்றரை அடிச் செங்கல் சுவர் ஒன்று, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்று, கடைசியில் ஷெட்டின் தகர ஷீட். அலைக்குச் செங்கல் பரவாயில்லை, மெலிந்தாவது போய்ச் சேரும். தகரம் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஜன்னல், கதவு இடுக்கு, ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, இவை வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

கடைக்காரர் காட்டியது 2.4 கிகா ஹெர்ட்ஸ் சாமான். 2005 ஜனவரியில் லைசென்ஸ் தேவையில்லை என்று அரசு திறந்துவிட்ட பட்டை அது. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. நெரிசலுக்குக்கூட நான் அஞ்சவில்லை, நம் தெருவில் அவ்வளவு வைஃபை கிடையாது. சுவரைத் துளைப்பதில்தான் அது சோனி.

மே 10, சனி

தம்பி மகன் வாக்கி டாக்கி வாங்கலாம் என்றான். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதாம். காலையில் பேப்பரைக் காட்டினேன். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. எந்த அலைவரிசையில் வேலை செய்யும், லைசென்ஸ் வேண்டுமா, ஒப்புதல் பெற்ற கருவியா என்று ஒன்றும் சொல்லாமலே விற்கிறார்களாம். எல்லையில் குண்டு போடுகிற வாரத்தில் இந்தச் செய்திக்கும் ஒரு கனம் கூடிவிட்டது.

சட்டம் அப்படியொன்றும் கடுமையில்லை. 2018-இல் வந்த விதிப்படி 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் இயங்கும் செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம். கருவிக்கு ஒப்புதல் மட்டும் இருக்க வேண்டும். விற்கிற பல செட்டுகள் இந்தக் கோட்டுக்கு வெளியே, போலீசும் மற்றவர்களும் பேசுகிற இடத்திலெல்லாம் பேசக்கூடியவை. வாங்கியவனுக்குத் தெரியாது. அம்மா "காபி கொண்டாடா" என்று சொல்வது யார் காதில் விழுமோ.

சட்டத்துக்குட்பட்ட செட்டே கிடைத்தாலும் அழுத்திப் பிடித்துப் பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். ஒரு கை வாக்கரில் இருக்கிறவளுக்கு அது ஆகாது.

மே 13, செவ்வாய்

கரன்ட் பிளக்கில் சொருகினால் பேசும் இன்டர்காம் ஒன்று சிநேகிதர் வீட்டுப் பரணில் கிடந்தது. வயர்லெஸ் என்று பேர், உண்மையில் வீட்டுக் கரன்ட் ஒயர் மீதே குரலை ஏற்றி அனுப்புவது. எழுபதுகளிலிருந்து இருக்கிற சரக்கு. இரண்டு முனையும் ஒரே பேஸில் இருந்தால் தெளிவாகக் கேட்கும், பேஸ் மாறினால் முனகல்தான். எங்கள் ஷெட்டுக்கோ தனி சர்வீஸ், தனி மீட்டர். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். 2023-இல்தான் 750-லிருந்து ஏற்றினார்கள். அந்தச் சலுகை இருக்கும்வரை இரண்டு சர்வீஸும் ஒன்றாகப் போவதில்லை. போதாததற்குத் தறி மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் லைன் முழுக்க இரைச்சல். முன்கட்டிலிருந்து மாடிக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். ஷெட்டில் தறி ஓடும்போதெல்லாம் அம்மா குரலோடு ஒரு உறுமலும் சேர்ந்து வந்தது.

பரணுக்கே திருப்பிவிட்டேன்.

மே 17, சனி

அக்கா மகன் நியூஜெர்சியிலிருந்து வந்திருக்கிறான். விஷயம் கேள்விப்பட்டு, அங்கே அவன் வீட்டில் சும்மா கிடந்த கார்ட்லெஸ் போன் செட்டையே கையோடு கொண்டுவந்துவிட்டான். நல்ல கம்பெனி, நாலு ஹேண்ட்செட். பெட்டியில் டெக்ட் 6.0 என்று இருந்தது. பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

டெக்ட் என்பது ஐரோப்பாவில் பிறந்த கார்ட்லெஸ் முறை. அங்கே 1880 முதல் 1900 மெகா ஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவில் அந்த இடம் காலியில்லாததால் 1920 முதல் 1930 வரை ஒதுக்கினார்கள். நம் நாட்டில் 1920 முதல் 1980 வரை மொபைல் போன்கள் டவருக்குப் பேசுகிற பாதை. இந்த செட்டை முன்கட்டில் வைத்தால், அக்கம்பக்கத்துப் போன்கள் டவரைக் கூப்பிடும்போது இது நடுவில் நின்று இரையும். அடாப்டரும் 110 வோல்ட். "இங்க இது வேணாம்டா, அடுத்தவனுக்குத் தொல்லை" என்று சொல்லி, அவன் கொண்டுவந்த பாதாமை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

மே 18, ஞாயிறு

நேற்று டெக்ட் என்ற பேரைப் பார்த்ததிலிருந்து பழைய ஞாபகம். 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, மைடாஸ் கம்பெனியோடு சேர்ந்து, இதே முறையைக் கிராமத்து டெலிபோனுக்குத் திருப்பியது. கார்டெக்ட் என்று பேர். வீட்டுக்குள் ஐம்பது மீட்டர் போகிற சங்கதியை, கூரைமேல் ஆன்டெனா வைத்துத் தடையில்லாமல் பார்க்கவைத்து 10 கிலோமீட்டருக்கு நீட்டினார்கள். நடுவில் ஒரு ரிலே வைத்தால் 25. பேசிக்கொண்டிருக்கும்போதே இன்டர்நெட்டும் வரும், 35 கிலோபிட் வேகத்தில். இன்றைக்குச் சிரிப்பு வரும் வேகம். அன்று மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அதை வைத்து இன்டர்நெட் மையங்கள் நடந்தன. செல்போன் கோபுரங்கள் முளைத்ததும் எல்லாம் இறங்கிப்போயிற்று. செம்புக் கம்பி திருட்டுக்கு அஞ்சாத டெலிபோன் என்பதாலேயே எங்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

அதன் குணம் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்: நாற்பது மீட்டருக்கு டெக்ட் கார்ட்லெஸ்தான் சரி. டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம், லேண்ட்லைன்கூட வேண்டாம். பேஸ் என்கிற தாய்ப்பெட்டிக்குக் கரன்ட் இருந்தால் ஒரு ஹேண்ட்செட்டிலிருந்து இன்னொன்றைக் கூப்பிடலாம். குரல் டிஜிட்டலாகப் போவதால் எண்பதுகளின் கார்ட்லெஸ் போல ரேடியோ திருப்புகிறவன் காதில் சுலபமாக விழாது. கரன்ட் போனால் செத்துவிடும், ஆகவே பேஸ் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும்.

மே 21, புதன்

தம்பி மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு ரிமோட் காலிங் பெல் போதும் மாமா. அத்தை கழுத்துல சுவிட்ச மாட்டிட்டா முடிஞ்சுது" என்று வாங்கியே வந்துவிட்டாள். 433 மெகா ஹெர்ட்ஸ் சாமான், குட்டி பேட்டரி. மலிவு, எளிது, சுவரையும் நன்றாகத் தாண்டுகிறது. மறுத்தது அம்மா.

"மணி அடிச்சா சாமிக்கு அடிக்கணும். உனுக்கு எதுக்குடா நான் அடிக்கணும்?"

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, இரண்டொரு தரம் அழுத்திக் காட்டச் சொன்னேன். அழுத்தினாள். மாடியில் மணி அடித்தது. நான் இறங்கி வருவதற்குள் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தாள். ஏனம்மா என்றால், "நான் அடிச்சேன். உனுக்குக் கேட்டுச்சா இல்லியான்னு எனக்கு எப்புடித் தெரியும்?" என்றாள்.

இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன். நான் சேர்ந்த காலத்தில் கிராமங்களுக்கு சி-டாட் ரேக்ஸ் வந்துகொண்டிருந்தது. 128 போர்ட், ஏசி ரூம் வேண்டாத எக்ஸ்சேஞ்ச், முதலாவதை 1986-இல் கர்நாடகத்தில் கித்தூரில் வைத்தார்கள். எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாள் சொன்ன பாடம்: கூப்பிடுகிறவர் காதில் விழுகிற டிரிங் டிரிங், எதிர்முனையில் அடிக்கிற மணியின் சத்தம் இல்லை. அங்கே அடிப்பது சுமார் 75 வோல்ட் ஏசியில் அதிரும் மணி. இங்கே கேட்பது எக்ஸ்சேஞ்ச் தனியாகச் செய்து அனுப்பும் ஓசை. 400 ஹெர்ட்ஸை 25-ஆல் அதிரவைத்து, 0.4 விநாடி ஒலி, 0.2 விநாடி இடைவெளி, மறுபடி 0.4 ஒலி, பிறகு 2 விநாடி மௌனம். வேலைக்கு இது தேவையே இல்லை. இது இல்லாமலும் அங்கே மணி அடிக்கும். ஆனால் இதை நிறுத்திவிட்டால் கூப்பிடுகிறவர் போனை வைத்துவிட்டு மறுபடி சுழற்றுவார், மறுபடி வைப்பார். அம்மா அழுத்திக்கொண்டே இருந்தது அதுதான்.

ஆக, ஆயிரம் மீட்டர், பத்து சேனல், கேமரா எதுவும் எனக்கு வேண்டாம். கூப்பிட்ட கைக்குப் பதில் திரும்ப வேண்டும். கடைகளில் நான் இதுவரை கேட்காத கேள்வி இது. பெட்டியில் யாரும் அச்சடிக்காத சங்கதியும்கூட.

மே 24, சனி

ரிச்சி தெரு. காலை மின்சார ரயிலில் அரக்கோணம் வழியாக சென்ட்ரல், அங்கிருந்து நடை. இந்திய வோல்டேஜுக்கு இங்கேயே விற்பனைக்கு வந்த டெக்ட் செட், மூன்று ஹேண்ட்செட்டோடு. கடையிலேயே பெட்டியைப் பிரித்து, லைன் இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டுப் பார்த்தேன். காதில் டிரிங் டிரிங் கேட்டது. எண்ணை அழுத்தியதும் எதிர்ப்பக்கம் எடுக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

மே 27, செவ்வாய்

பேஸை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை. கூடத்தில் டிவி பக்கம் வைத்தால் பார்க்க அழகு, ஷெட்டுக்குப் போகாது. படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அங்கிருந்து முன்கட்டுக் கதவும் தெரியும், கொட்டகைக்கு மேலே ஷெட்டின் வாசலும் தெரியும். அங்கே வைத்தேன். ஹேண்ட்செட்டைக் காதில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து, குரல் அறுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டேன். ஷெட்டுக்குள் முதல் தறி வரை வருகிறது. அதற்கு மேல் உள்ளே இல்லை.

வந்தும் பயனில்லை என்று தம்பி சிரிக்கிறான். "தறி ஓடச்சொல்ல நீ பக்கத்துல நின்னு கத்துனாலே ஒதடு அசையறதுதாண்ணா தெரியும்." சரிதான். 90 டெசிபலுக்குக் குறையாத இடம். நெசவுக்காரர்கள் கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்கிறார்கள். அங்கே காதை நம்பி எதையும் வைக்கக்கூடாது.

தம்பி மனைவி வாங்கி வந்த பெல்லுக்கு இப்போது வேலை வந்தது. விளக்கும் மின்னுகிற ரிசீவர் ஒன்று தனியாக வாங்கி, அதை ஷெட் சுவரில், தறிக்கு எதிரே கண் மட்டத்தில் மாட்டினேன். இந்த பெல் ரிசீவர்களில் எந்த சுவிட்சுக்கு எது அடிக்க வேண்டும் என்று நாமே பழக்கிவிடலாம். ஷெட்டில் ஒரு சுவிட்ச், அம்மா அறையில் ஒரு ரிசீவர். இங்கிருந்து அழுத்தினால் அங்கே விளக்கு. தம்பி பார்த்துவிட்டு அழுத்தினால் இங்கே மணி. பதில் மணி. இதை வைத்த பிறகுதான் அம்மா சம்மதித்தாள்.

ஜூன் 1, ஞாயிறு

அம்மாவின் ஹேண்ட்செட்டில் இன்டர்காம் பட்டனில் தம்பி மகள் சிவப்பு நகப்பூச்சு வைத்திருக்கிறாள். மாடிக்கு எண் 2. அதை இரண்டாவது புள்ளியாக வைத்தாயிற்று. மற்ற பட்டன்களைத் தொடவேண்டாம் என்று சொன்னால் தொடத்தான் செய்கிறாள். ஒருநாள் பேஸிலிருந்தே தன் செட்டைக் கழற்றிவிட்டாள். திரும்பச் சேர்க்கும் முறையைச் சீட்டில் எழுதி பேஸுக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன்.

வாக்கி டாக்கி விஷயத்தில் ஆணையம் ஆன்லைன் விற்பனைக்கு வழிகாட்டு விதிகளே வெளியிட்டுவிட்டது. தம்பி மகனிடம் பேப்பரைக் கொடுத்தேன். அவன் டிரோனுக்கு என்ன விதி என்று கேட்கிறான்.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். திருத்தணிக்குப் போகிற கூட்டம் சோளிங்கர் ரோட்டில் காலையிலிருந்தே. அம்மா முன்கட்டிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டு மாடிக்குப் போன் போடுகிறாள்: காவடி போகுது வா, நுங்கு வண்டி போகுது வா, எதிர்வீட்டுக்காரி புதுப் புடவை கட்டியிருக்கா வா. அவசரத்துக்கென்று வாங்கியது. நான் எடுக்கத் தாமதித்தால், "மணி அடிக்குது, எனக்குக் கேக்குது, நீதான் எடுக்கல" என்று குற்றப்பத்திரிகை வேறு. முன்பு கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது.

பெல் சுவிட்சின் 12 வோல்ட் பேட்டரி இந்த ஊர்க் கடையில் இல்லை. அடுத்த முறை திருத்தணி போகும்போது வாங்க வேண்டும்.